மண்டைக்குக் கரண்டு வாங்கித் தர்றேன்னு சொன்ன பேராண்டிக்கு

லேப்டாப்பை மூடிட்டு இப்படி வந்து உக்காருடா பேராண்டி. தாத்தா மண்டையில மாட்டுறதுக்கு ஏதோ கரண்டுப் பட்டை ஆர்டர் போடப்போறேன்னு கேள்விப்பட்டேன். நெத்தியைச் சுத்தி மாட்டிக்கணுமாம், போன்ல ஒரு பட்டனைத் தட்டணுமாம், 20 நிமிஷத்துல மூளை பளிச்சுனு ஆயிடுமாம். விலையைக் கேட்டேன். நம்ம மாந்தோப்புக்கு நான் கம்பிவேலி போட்ட செலவைவிட ஜாஸ்தி. சந்தோஷம்டா. கிழவனுக்குச் செலவு பண்ணணும்னு உனக்கு மனசு வந்திருக்கே, மூளை பளிச்சுனு ஆனதுக்கு அதுவே அடையாளம். ஆனா ஆனது உன் மூளை. அதுக்குப் பட்டை தேவைப்படலை பாரு.

தாத்தாவுக்கு ஞாபகம் குறையுதுன்றே. ஆமாம், குறையுது. ஆறாவது மாடிக்காரர் பேரு மறந்துபோச்சு. லிஃப்ட்டுல பார்க்கிறப்பெல்லாம் அவர் காதுல எதையோ சொருவிகினு மோட்டுவளையைப் பார்த்துகினு நிக்கிறார். அவர் பேரைத் தெரிஞ்சுகினு நான் என்ன பண்ணப்போறேன்? மூக்குக்கண்ணாடியை வெச்ச இடம் மறந்துபோவுது, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா போன வருஷம் காவேரிப்பட்டணம் மண்டியில செந்தூரா என்ன விலைக்குப் போச்சு, மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் கிளிமூக்கு மாங்காய்க்கு எவ்வளவு பாக்கி வெச்சான், உங்கப்பன் இந்த ஃபிளாட்டு வாங்கறப்போ என்கிட்ட வாங்கின பணத்துல எவ்வளவு திரும்பி வந்துச்சு, இதுல எதை வேணும்னாலும் கேளு, பைசா சுத்தமாச் சொல்றேன். அதனால கரண்டு வெக்கிறதுக்கு முன்னாடி ஓட்டை எங்க இருக்குன்னு பாரு. சில ஓட்டை வயசு போட்டது, சிலது நானே போட்டுக்கினது. மொய்ப் பத்திரிகை வந்தா சொந்தக்காரன் பேரு பூரா மறந்துடும் எனக்கு. அதை எந்த மிஷினாலயும் சரிபண்ண முடியாது, சரிபண்ண நான் விடவும் மாட்டேன்.

அதுக்காக, ஒண்ணும் தெரியாம வேணாம்னு அடம்பிடிக்கிறேன்னு நினைச்சுக்காத. நீ வாட்ஸப்புல அனுப்பின பேப்பருங்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து, அகரா ஏரிக்கரையில என்கூட நடக்கிற மேஷ்ட்ருகிட்ட கொடுத்தேன். கவர்மெண்ட் ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவர், கோலார்க்காரர். இங்கிலீஷ்ல படிச்சு கன்னடத்துல சொல்லுவார். எனக்குப் புரியலைன்னா தெலுங்குக்கு மாறுவார். ரெண்டு பேருக்கும் புரியலைன்னா டீக்கடைக்கு மாறுவோம். அப்படிப் படிச்சதுல தேறினதைச் சொல்றேன், குறுக்கப் பேசாமக் கேளு.

இந்த வைத்தியத்துக்கு டி.டி.சி.எஸ்.னு பேரு. மண்டையைத் திறக்கிறதில்லை, ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. ரெண்டு ரப்பர் தகடு, அவ்வளவுதான். ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்பாஞ்சு உறைக்குள்ள சொருவி உப்புத்தண்ணியில நனைப்பாங்க. அதுலயும் பக்குவம் இருக்கு. தண்ணி சொட்டிச்சுன்னா கரண்டு முடி வழியா வழிஞ்சு வேற பக்கம் ஓடிடும். காஞ்சுபோச்சுன்னா தோலைச் சுட்டுடும். ஒரு தகடு பிளஸ், இன்னொண்ணு மைனஸ். மண்டையில எந்த இடம்னு டேப்பு வெச்சு அளந்து, ரப்பர் பட்டையால கட்டி, பேட்டரியில இருந்து 1 இல்லைன்னா 2 மில்லி ஆம்பியர், 20, 30 நிமிஷம் விடுவாங்க. உன் போன் சார்ஜர் 2 ஆம்பியர் தள்ளுதுன்னா இது அதுல ஆயிரத்துல ஒரு பங்கு. ஆரம்பத்துல தோல் குறுகுறுங்கும், அரிக்கும், அப்புறம் அடங்கிடும். சினிமாவுல ஆளைக் கட்டிப்போட்டுக் காட்டுறானே, அந்த ஷாக் வைத்தியம் வேற. அதுல பாயறது இதைவிட நூத்துக்கணக்கான மடங்கு கரண்டு, இப்பெல்லாம் மயக்கம் கொடுத்துட்டுத்தான் அதையும் பண்றாங்க.

இவ்வளவு கம்மியான கரண்டு மூளை அணுவைப் பிடிச்சு எழுப்பாது. எழுந்திருக்கலாமா வேணாமான்னு தடுமாறிகினு இருக்கிற அணுவை லேசா ஒரு பக்கமாச் சாய்க்கும். பிளஸ் தகடு பொதுவா உசுப்பிவிடும், மைனஸ் தகடு பொதுவா அடக்கிவெக்கும். 'பொதுவா'ன்னு ரெண்டு தடவை சொன்னேன், கவனிச்சியா? விக்கிறவன் ஒரு தடவைகூட சொல்ல மாட்டான். இதுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான், டி.ஏ.சி.எஸ். அதுல கரண்டு ஒரே பக்கமா ஓடாது, முன்னும் பின்னுமா ஆடும். நொடிக்கு இத்தனை ஆட்டம்னு கணக்கு வெச்சு விடுவாங்க. அவன் கதையை அப்புறம் சொல்றேன்.

ஏதோ நேத்து அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுக்காத. முதல் நூற்றாண்டுலயே ரோம்ல ஸ்கிரிபோனியஸ் லார்கஸ்னு ஒரு வைத்தியர், தலைவலின்னு வந்தவங்களுக்குக் கரண்டு அடிக்கிற திருக்கை மீனை உயிரோட எடுத்து வலிக்கிற இடத்துல வெக்கச் சொல்லி எழுதி வெச்சிருக்கார். மரத்துப்போற வரைக்கும் வெக்கணுமாம். அதுக்கப்புறம் எவனாவது தலைவலின்னு வாயைத் திறந்திருப்பான்றே? 1800 வாக்குல இத்தாலியில அல்டினின்னு ஒருத்தர், மனசு ஒடிஞ்சு கிடந்த நோயாளிங்க தலையில பேட்டரிக் கம்பியை வெச்சுப் பார்த்தார். அப்புறம் ரொம்ப நாள் இது தூங்கிப்போச்சு. 2000ல ஜெர்மனி கோட்டிங்கன்ல நிட்ஷே, பவுலஸ்னு ரெண்டு டாக்டருங்க, லேசான கரண்டை சில நிமிஷம் விட்டா, நிறுத்தினதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் மூளையில மாத்தம் நிக்குதுன்னு அளந்து காட்டினாங்க. உன் பட்டைக்காரன் வரைக்கும் எல்லாரும் அந்த வண்டியிலதான் ஏறிகினு வர்றாங்க. டிக்கெட் எடுத்தவன் யாரு, எடுக்காதவன் யாருன்னு பார்க்கிறதுதான் நம்ம வேலை.

டிக்கெட் எடுத்தவங்க நம்ம பெங்களூர்லயே இருக்காங்க. ஓசூர் ரோட்டுல நிம்ஹான்ஸ். நம்ம ஊர்ப்பக்கம் ஒருத்தனை நக்கல் பண்ணணும்னா கீழ்ப்பாக்கம்னு சொல்லுவோம், இங்க நிம்ஹான்ஸ்னு சொல்றானுங்க. மைசூர் அரசாங்கத்தோட பழைய மனநோய் ஆஸ்பத்திரியையும் அகில இந்திய மனநல நிறுவனத்தையும் 1974ல ஒண்ணாச் சேர்த்து உண்டானது அது. 2012ல பார்லிமெண்ட்ல சட்டமே போட்டு தேசிய முக்கியத்துவம் உள்ள நிறுவனம்னு ஆக்கினாங்க. நக்கல் பண்றவன் தலைவலி வந்தா மொதல்ல அங்கதான் டோக்கன் போடுறான்.

அங்க டாக்டர் ஜி. வெங்கடசுப்பிரமணியனும் அவர் கூட்டாளிங்களும் வருஷக்கணக்கா இந்த டி.டி.சி.எஸ். வேலையைப் பார்க்கிறாங்க. மனச்சிதைவு நோயில சில பேருக்கு யாரும் இல்லாதப்பவே காதுல குரல் கேக்கும், மாத்திரைக்கும் அடங்காது. அப்படிப்பட்ட 25 பேரை வெச்சு நடத்தின ஒரு சோதனையை 2018ல வெளியிட்டாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, வேளைக்கு 20 நிமிஷம், 2 மில்லி ஆம்பியர், 5 நாள். பாதிப்பேருக்கு நிஜக் கரண்டு, மீதிப்பேருக்குப் போலிக் கரண்டு. நிஜக் கரண்டு வாங்கினவங்களுக்குக் குரல் தொல்லை ஜாஸ்தியாக் குறைஞ்சுது. இதுல நீ கவனிக்க வேண்டியது, இது எந்த வியாதிக்கு, எத்தனை பேருக்கு, யார் கண்ணு முன்னாடின்றதுதான். உன் பட்டைக்காரன் என்ன பண்றான்? அந்தப் பெரிய இடத்து ஆராய்ச்சியைக் காட்டி இந்தக் கிழவன் மறதிக்கு மிஷின் விக்கிறான். குரல் கேக்குதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா? உங்க ஆயா குரல்தான் கேக்குது. அது நிஜமான குரலு, எந்தக் கரண்டுக்கும் அடங்காது.

நிம்ஹான்ஸ்ல மூளை மியூசியம்னு ஒண்ணு இருக்குடா. எல்லாரும் போவலாம். மேஷ்ட்ருதான் கூட்டிகினு போனார். கண்ணாடி ஜாடி வரிசையா இருக்கு. கடைசியில கையுறை போட்டுக்கச் சொல்லி ஒரு நிஜ மூளையை என் கையில கொடுத்தாங்க. ஒண்ணேகால், ஒண்ணரைக் கிலோ இருக்கும், மருந்துல ஊறி கெட்டியா இருந்துச்சு. இளவயசு மூளையில மடிப்பு மடிப்பா இடுக்கே தெரியாம நெருக்கமா இருக்கு. வயசாகி மறதி நோய் வந்த மூளையில மடிப்பு இளைச்சு நடுவுல பள்ளம் அகண்டு கிடக்கு. அந்தப் பள்ளத்துல எல்லாம் உசுரோட இருக்கிறப்போ உப்புத்தண்ணி நிக்கும். உப்புத்தண்ணி கரண்டை நல்லாக் கடத்தும்னு நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தே? அப்போ வயசான மண்டைக்குள்ள போற கரண்டு, மூளைக்குப் போவாம அந்தத் தண்ணியில எவ்வளவு ஓடிப்போவும்? 25 வயசுக்காரனுக்கு அளந்த அளவு எனக்குச் சரிப்படுமா? இதைத்தான் ஆராய்ச்சிக்காரங்களே கேட்டுகினு இருக்காங்க. உன் பட்டையில அதுக்கு ஒரு பட்டன் இருக்கா?

அடுத்தது டாட்டா இன்ஸ்டிட்யூட். ஐ.ஐ.எஸ்.சி.ன்னு நீ சொல்லுவே, பி.எம்.டி.சி. கண்டக்டருக்கு அது டாட்டா இன்ஸ்டிட்யூட்தான். அங்க சுப்ரதிம் ரேன்னு ஒரு புரொபசர். பெங்களூர்ல இருக்கிற பெரியவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, 64 கம்பி வெச்ச தொப்பியை மாட்டி, டி.வி. திரையில கறுப்பும் வெளுப்புமா கோடு கோடாக் காட்டி ஈ.ஈ.ஜி. எடுத்தார். இதுல கரண்டு உள்ள போவாது, மூளையே கிளப்புற கரண்டை வெளியில இருந்து கேக்கிறதுதான். மூளை அலையில நொடிக்குப் பத்து தடவை வாக்குல ஆடுறதுக்கு ஆல்ஃபான்னு பேரு, அதைவிட வேகமா ஆடுறது காமா. அவரும் அவர் மாணவர் சந்தோஷும் சேர்ந்து 229 பேர் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. எல்லாரும் 49 வயசுக்கு மேல. 218 பேர் நல்லா இருக்கிறவங்க, 11 பேர் லேசா மறதி ஆரம்பிச்சவங்க. என்ன கண்டுபிடிச்சாங்க தெரியுமா? நல்லா இருக்கிறவங்களுக்கே வயசு ஏற ஏற, ஆல்ஃபா அலையோட பலம் குறையலை. ஆனா மூளையோட ஒரு இடமும் இன்னொரு இடமும் சேர்ந்து ஆடுறது குறைஞ்சுபோச்சு. மறதி ஆரம்பிச்சவங்களுக்கோ, காமாவுல அந்தச் சேர்ந்தாடுறது குறைஞ்சிருந்துச்சு.

இதை மேஷ்ட்ரு மூணு பாஷையில சொல்லியும் எனக்கு ஏறலை. அப்புறம் நம்ம மாரியம்மன் பண்டிகையை நினைச்சுக்கினேன், சட்டுனு பிடிபட்டுச்சு. வயசான பம்பைக்காரன் கைக்கு வலு குறையலைடா, அடி அதே அடிதான். ஆனா இந்த ஓரத்துல இருக்கிறவன் ஒரு தாளம் அடிக்கிறான், அந்த ஓரத்துல தப்பட்டைக்காரன் அரை மாத்திரை தள்ளி அடிக்கிறான். சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை, சாமிதான் வரமாட்டேன்னுது. மூளையில பெரிய டாக்டருங்க 'இணைப்பு, இணைப்பு'ன்னு சொல்றது இந்தச் சேர்ந்தடிக்கிறதைத்தான். பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்து நிக்குதே, அது பேரு தொலைஞ்சதால இல்லை. ரெண்டு கோஷ்டியும் ஒரே நேரத்துல அடிக்கலை போலிருக்கு, அவ்வளவுதான்.

அந்த 229 பேருக்காக டாட்டா இன்ஸ்டிட்யூட்டு ஆளுங்க எவ்வளவு பொறுமையா இருக்காங்கன்னு பார்த்தா உனக்கே வெக்கமா இருக்கும். அதே வளாகத்துல மூளை ஆராய்ச்சி மையம்னு ஒண்ணு இருக்கு. இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பம் 225 கோடி கொடுத்து ஆரம்பிச்சு வெச்சது. அவங்க பெங்களூர் நகரத்துல ஒரு கூட்டம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துல ஒரு கூட்டம்னு எடுத்துக்கினு, வருஷக்கணக்கா விடாமப் பின்னாலயே போய்ப் பார்க்கிறாங்க. சீனிவாசபுரத்துல 2018ல ஆரம்பிச்சாங்க. 45 வயசுக்கு மேற்பட்ட 10,000 கிராமத்து ஆளுங்களைச் சேர்க்கிறதா திட்டம். ரத்தம், ஸ்கேன், ஞாபகச் சோதனை எல்லாம் உண்டு. சீனிவாசபுரம் மாங்காய்க்குப் பேர்போன ஊரு, அது எனக்குப் பொறுக்காது. நம்ம கிருஷ்ணகிரி மாங்காய்க்குக் கிட்ட அது வருமா? ஆனா ஒண்ணு சொல்றேன், நம்மைத் தேடி எவனும் வரலை, அவங்க மூளையைத் தேடி இன்ஸ்டிட்யூட்டே போச்சு. மேஷ்ட்ரு அதைச் சொல்லிச் சொல்லி என் வயித்தெரிச்சலைக் கிளப்புறார்.

சரி, தம்பிக்காரன் டி.ஏ.சி.எஸ். கதைக்கு வா. தாளம் பிசகிப்போச்சு, வெளியில இருந்து ஒருத்தன் கைதட்டிச் சேர்த்துவிட முடியுமா? அதைத்தான் பாஸ்டன் யூனிவர்சிட்டியில ராபர்ட் ரைன்ஹார்ட் பண்ணிப் பார்த்தார். 2019ல வெளியிட்ட சோதனையில 60ல இருந்து 76 வயசு வரைக்கும் 42 பேர், இருபதுகள்ல இருக்கிற பசங்க 42 பேர். நெத்திப்பக்கத்து மூளையும் பொட்டுப்பக்கத்து மூளையும் சேர்ந்தாடுற மாதிரி, அவங்கவங்க மூளை தாளத்துக்கு ஏத்தபடி கரண்டை ஆட்டி 25 நிமிஷம் விட்டார். அந்த நேரத்து ஞாபகத்துல பெரியவங்க அந்தப் பசங்களை எட்டிப் பிடிச்சுட்டாங்க. நிறுத்தினதுக்கு அப்புறமும் 50 நிமிஷம் வரைக்கும் அளந்து பார்த்தாங்க, அதுவரைக்கும் நின்னுச்சு. 2022ல இன்னும் பெரிசா 150 பேர், 65ல இருந்து 88 வயசு. 20 வார்த்தை படிச்சுக் காட்டி திருப்பிச் சொல்லச் சொல்லி, நாளைக்கு 20 நிமிஷம், 4 நாள் கரண்டு. ஒரு இடத்துல ஒரு தாளம் விட்டா பட்டியலோட முதல்ல வந்த வார்த்தை ஞாபகம் நிக்குது, வேற இடத்துல வேற தாளம் விட்டா கடைசியில வந்த வார்த்தை நிக்குது. அதுவும் ஒரு மாசம் வரைக்கும்! எனக்கே ஆசை வந்துடுச்சு, பொய் சொல்லலை. உங்க ஆயா சொல்ற மளிகை லிஸ்ட்டுல எனக்கு மொதல் ரெண்டும் கடைசி ரெண்டும்தான் ஞாபகம் இருக்கும், நடுவுல இருக்கிற பெருங்காயம் எப்பவும் விட்டுப்போவும். நடுவுல வர்றதுக்கு எந்தத் தாளம்னு யாரும் இன்னும் சொல்லலை. நடுவுல வர்றதை மறந்தாத்தானே திரும்ப ஒரு தடவை கடைக்குப் போற சாக்குல டீ குடிக்க முடியும்?

இப்போ ஆசையை அடக்கிகினு கேளு. கைதட்டுறவன் மண்டபத்துச் சுவருக்கு வெளியில நிக்கிறான், பம்பைக்காரனுங்க உள்ள இருக்கானுங்க. எவ்வளவு சத்தம் உள்ள போவும்? நியூயார்க்ல இருக்கிற புசாக்கிங்கறவரும் அவர் ஆளுங்களும் செத்தவங்க தலையிலயே கரண்டு விட்டு உள்ள கம்பி வெச்சு அளந்தாங்க. 2018ல வெளியில வந்துச்சு. விடுற கரண்டுல முக்கால் பங்கு வரைக்கும் தோலும் எலும்புமே தின்னுடுதாம். அப்போ அந்தப் பாஸ்டன்ல நடந்தது என்னன்னா, கைதட்டு லேசா உள்ள கேட்டுச்சா, இல்லை தோல்ல பட்ட குறுகுறுப்பே ஆளை உசுப்பிச்சான்னு இன்னும் வாதாடிகினு இருக்காங்க. ஒருத்தருக்கு வேலை செய்யறது இன்னொருத்தருக்கு வேலை செய்ய மாட்டேன்னுது. பெரிய மனுஷங்க சண்டை போடுறது நல்லதுதான். சண்டை முடியறதுக்கு முன்னாடியே கடை திறந்தவனைத்தான் நம்பக் கூடாது.

இந்த ஆராய்ச்சியில எனக்கு ரொம்பப் பிடிச்சது போலிக் கரண்டு. ஆளுக்கு எல்லாத்தையும் அதே மாதிரி மாட்டுவாங்க. முதல் அரை நிமிஷம் நிஜமாவே கரண்டு விட்டு, குறுகுறுப்பு வந்ததும் கமுக்கமா நிறுத்திடுவாங்க. ஆளு 20 நிமிஷமும் கரண்டு ஏறுதுன்னு நம்பிகினு உக்காந்திருப்பான். எழுந்திருக்கும்போது மூளை தெளிஞ்சிடுச்சுன்னு சில பேர் சொல்லவும் சொல்லுவாங்க. இந்தக் கணக்கைக் கழிச்சுட்டுத்தான் நிஜக் கரண்டு எவ்வளவு உதவிச்சுன்னு பார்ப்பாங்க. நீ வாங்கப்போற பட்டையில இந்தக் கழித்தலை யாரு பண்ணுவா? நீயா? வருஷா வருஷம் உன் மேனேஜர் உனக்குச் சம்பளம் ஏத்துறேன்னு சொல்றதையே நீ இன்னும் நம்பிகினு இருக்கே.

இன்னொண்ணு. கடையில வாங்குற பட்டை உதவலைன்னா காசுதான் போச்சுன்னு நினைச்சுக்காத. நெதர்லாந்துல லெய்டன்ல, கடையில விக்கிற ஒரு பட்டையையே எடுத்துச் சோதிச்சு 2016ல வெளியிட்டாங்க. ஞாபகச் சோதனையில போலிக் கரண்டு விட்டப்போ பண்ணதைவிட நிஜக் கரண்டு விட்டப்போ மோசமா பண்ணாங்க! காசு கொடுத்து மறதியை ஏத்திக்கிற கதைதான். அதே 2016ல, இந்த ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைப் போட்ட பல பேர் கையெழுத்துப் போட்டு, வீட்டுல நீங்களே மாட்டிக்காதீங்கன்னு ஒரு திறந்த கடிதம் எழுதினாங்க. ஒரு இடத்தை உசுப்பினா கரண்டு பக்கத்து இடத்தையும் தொடும், ஒரு திறமை ஏறினா இன்னொண்ணு இறங்கலாம், அந்த மாத்தம் நாம நினைச்சதைவிட நாள்கணக்கா நிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. வலிப்பு வந்தவங்க, தலைக்குள்ள தகடு, கிளிப்பு வெச்சவங்க, இதயத்துல பேஸ்மேக்கர் வெச்சவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. நெத்தித் தோல் வெந்துபோன கேஸும் உண்டு. என் நெத்தியில விபூதி வெக்கிற இடம்டா அது, பார்த்துக்கோ.

அப்போ தாத்தாவுக்கு என்னதான் பண்றதுன்னு கேக்கறே. அதைக் கேளு. 2023ல வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பு, நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல நூத்துக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருக்குன்னு சொல்லுது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேரு. 2024ல லான்செட்டுன்ற டாக்டருங்க பத்திரிகை கூட்டின குழு, நாம கையை வெச்சு மாத்தக்கூடியதுன்னு 14 காரணத்தைப் பட்டியல் போட்டிருக்கு. எல்லாத்தையும் சரிபண்ணினா உலகத்துல மறதி நோயில நூத்துக்கு 45ஐத் தடுக்கலாம், இல்லைன்னா தள்ளிப்போடலாமாம். சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு, பீடி, சாராயம், நடக்காம உக்காந்தே கிடக்கிறது, மனச்சோர்வு, காத்து மாசு, தலையில அடி, கண்ணு மங்கறது, காது மந்தமாவுறது, பேச ஆள் இல்லாமத் தனியா கிடக்கிறது, எல்லாம் அதுல இருக்கு. கரண்டு குறையுதுன்னு ஒரு காரணம்கூட இல்லை. இந்த லிஸ்ட்டைப் பார்த்தா ஒரு பெங்களூர் ஃபிளாட்டு நினைப்புதான் வருது. ஒன்பதாவது மாடி, நடக்கிறதுக்கு லிஃப்ட்டு வரைக்கும் பத்தடி, பேசறதுக்கு வாட்ச்மேன், மூச்சு விடறதுக்கு சில்க் போர்டு ஜங்ஷன். என்னை இதுக்குள்ள கொண்டாந்து வெச்சுட்டு மண்டையில கரண்டு வெக்கிறேன்றே.

இன்னொரு சேதி, இதுல நான்தான் ஜெயிச்சேன். சுவர்ணா அல்லாடின்னு ஒரு டாக்டரம்மா, இப்போ நிம்ஹான்ஸ்ல இருக்காங்க. ஹைதராபாத்ல இருந்தப்போ 648 மறதி நோயாளிங்களை எடுத்துப் பார்த்தாங்க, 2013ல வெளியிட்டாங்க. ஒரே பாஷை பேசறவங்களைவிட ரெண்டும் அதுக்கு மேலயும் பேசறவங்களுக்கு மறதி நோய் நாலரை வருஷம் தாமதமா ஆரம்பிச்சிருக்கு. பள்ளிக்கூடமே போவாதவங்களுக்கும் அப்படித்தான். நான் தமிழ்ல கும்பிடறேன், கன்னடத்துல பால் வாங்கறேன், தெலுங்குல மேஷ்ட்ருகிட்ட தர்க்கம் பண்றேன், தக்கினில மெக்கானிக்கைத் திட்டறேன். பாஷை மாறுறப்போ ஒண்ணை அடக்கி ஒண்ணைக் கிளப்பணும்ல? அதுலயே என் பம்பைக்காரனுங்க தூங்காம தாளத்துல நிக்கறானுங்க. உன் புள்ளையைப் பாரு. வீட்டுல இங்கிலீஷு, ஸ்கூல்ல இங்கிலீஷு, கார்ட்டூன்ல இங்கிலீஷு. என் பொக்கை வாயைப் பார்த்து 'ஹாய் தாத்தா'ன்னு ஒரு வார்த்தை தமிழ். அவனை தினமும் என்கிட்ட ஒரு மணி நேரம் விடு, சத்தியமா உன் பட்டையைவிட வேகமா வேலை செய்யும். எனக்கும்தான், அவனுக்கும்தான்.

இவ்வளவும் சொல்றதால நான் இந்த ஆராய்ச்சிக்கு எதிரின்னு நினைச்சுடாத. நாளைக்கே நிம்ஹான்ஸ்லயோ டாட்டா இன்ஸ்டிட்யூட்லயோ வயசானவங்களுக்கு ஒரு சோதனைன்னு கூப்பிட்டா நான் சட்டை மாத்திகினு கிளம்பிடுவேன். இத்தனை வருஷமா மாங்காய் தின்னே வளர்ந்த மூளை, சயின்ஸுக்கும் கொஞ்சம் உதவட்டும். ஆனா போறதுக்கு முன்னாடி நீ என்கூட வந்து இதையெல்லாம் கேக்கணும். ஒண்ணு, இந்தச் சோதனைக்கு சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் இருக்கா? 2009 ஜூன் 15ல இருந்து நம்ம நாட்டுல நடக்கிற மருத்துவச் சோதனைக்கெல்லாம் அந்தப் பதிவு கட்டாயம். நெட்டுல போட்டா யாருக்கும் தெரியும். ரெண்டு, நன்னெறிக் குழு ஒப்புதல் இருக்கா, சம்மதப் படிவம் எனக்குப் புரியற பாஷையில இருக்கா? கன்னடத்துல மட்டும் இருந்தா கேட்டு வாங்கு, வெக்கப்படாத. மூணு, எனக்கு ஏதாவது ஆனா யாரு பார்த்துக்குவாங்க, எப்போ வேணும்னாலும் நான் விலகலாமா? நாலு, காசு கேக்கறாங்களா? சோதனைக்கு வர்றவன்கிட்ட காசு வாங்கறவன் சோதனை பண்ணலை, வியாபாரம் பண்றான். இந்த நாலுக்கும் பதில் சொல்றவங்க முன்னாடி நான் தலையை நீட்டுவேன். போலிக் கரண்டு கொடுத்தாலும் சரி. அதுல நான் 'ஆஹா, என்ன தெளிவு'ன்னு சொல்லி அவங்க கணக்கைக் கெடுக்க மாட்டேன், உனக்குத்தான் அந்த வாக்கு.

ஆர்டர் போட வெச்சிருந்த பணத்தை என்ன பண்றதுன்னு தலையைச் சொறியாத. லான்செட்டு லிஸ்ட்டுல காது மந்தமும் ஒரு காரணம்னு சொன்னேன் இல்லை? என்னை ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிகினு போ. அளந்து பார்த்துட்டு தேவைன்னு சொன்னார்னா அந்தக் காசுல நல்ல காது மிஷினா வாங்கிக் கொடு. அதுல ஒரு சங்கடம் இருக்கு, முன்கூட்டியே சொல்லிடறேன். இப்போ மூணு வருஷமா சமையல்கட்டுல நின்னு நீயும் உன் பொண்டாட்டியும் என்னைப் பத்திப் பேசிக்கிறது எனக்குக் கேக்கலைன்னு நினைச்சுகினு இருக்கீங்க. மிஷின் வந்தா கேக்கும்னு நீங்களும் பயப்பட வேண்டாம். எனக்கு வார்த்தைதான் சரியாக் கேக்காது, என் பேரு மட்டும் எப்பவும் நல்லாத்தான் கேக்குது.